ஆப்பிரிக்கச் சிறுத்தை வேட்டை

ஆப்பிரிக்கச் சிறுத்தை வேட்டை என்பது, சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள சில ஆப்பிரிக்க நாடுகளில் அரசின் உரிமம் பெற்று, கட்டணம் செலுத்திச் சிறுத்தைகளைச் சுடும் நடைமுறையைக் குறிக்கும். சுடப்பட்ட விலங்கின் தோலும் மண்டையோடும் வேட்டையாடியவரால் வெற்றிச் சின்னமாக எடுத்துச் செல்லப்படுவதால் இது டிராபி வேட்டை என்னும் வகையுள் அடங்கும். யானை, காண்டாமிருகம், காட்டெருமை, சிங்கம், சிறுத்தை ஆகிய ஐந்தையும் "பெரிய ஐந்து" என்று வேட்டைக்காரர்கள் அழைத்தனர். அவற்றுள் உருவில் மிகச் சிறியது சிறுத்தையே ஆகும்.

இவ்வேட்டைக்குச் செல்லவிருப்போர் முதலில் கேட்பது, பெரிய சிறுத்தைகள் எந்த நாட்டில் உள்ளன என்பதாகும். இதற்கு ஒரு நாட்டின் பெயரை விடையாகக் கூற இயலாது. சிறுத்தையின் உடல் அளவை அவ்விடத்தில் கிடைக்கும் இரை, விலங்கின் பால், அதன் வயது ஆகியவை தீர்மானிக்கின்றன. ஓர் ஆண் சிறுத்தை முழு வளர்ச்சி பெறும் வயது வரை உயிருடன் இருக்குமா என்பதோ, அப்பகுதியில் முன்னர் எத்தனை சிறுத்தைகள் கொல்லப்பட்டன என்பதைப் பொறுத்தது. ஆகவே பெரிய சிறுத்தையைத் தேடுவோரின் கேள்வியும், சிறுத்தை இனத்தின் எதிர்காலம் குறித்த உயிரியலாளர்களின் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

பெயர்

தமிழ் நாளிதழ்களில் சிறுத்தை என்னும் சொல் சில வேளைகளில் சிவிங்கிப்புலியையும் குறிக்கப் பயன்படுத்தப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு விலங்குகள். சிவிங்கிப்புலியின் உடலில் தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும். சிறுத்தையின் புள்ளிகள் பூவிதழ்கள் போல வட்டமாகச் சேர்ந்திருக்கும். இக்கட்டுரையில் சிறுத்தை என்பது 1758 ஆம் ஆண்டு லின்னேயசு விவரித்த, மரமேறும் இயல்புடைய பெரும்பூனையை மட்டுமே குறிக்கும்.

உடல் அளவும் வாழிடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், தோலின் நிறத்தையும் உடல் அளவையும் கொண்டு ஆப்பிரிக்கச் சிறுத்தைகள் பத்துக்கும் மேற்பட்ட துணையினங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1996, 2001 ஆம் ஆண்டுகளில் வெளியான மரபணு ஆய்வுகள் இப்பிரிவினைக்குப் போதிய அடிப்படை இல்லை என்று காட்டின. 2017 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பூனை வல்லுநர் குழு வெளியிட்ட வகைப்பாட்டிலும் ஆப்பிரிக்கச் சிறுத்தைகள் அனைத்தும் ஒரே துணையினமாகவே வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் இடத்துக்கு இடம் அவற்றின் எடை வியக்கத்தக்க அளவு வேறுபடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் வளர்ந்த ஆண் சிறுத்தையின் எடை சராசரியாக 60 கிலோகிராம் அளவிலும், பெண்ணின் எடை 37 கிலோகிராம் அளவிலும் உள்ளது. அதே நாட்டின் தென்மேற்கில் கேப் மலைப்பகுதியில் வாழும் ஆண் சிறுத்தையோ இதில் ஏறத்தாழப் பாதி எடையே உள்ளது. குரூகரில் ஒரு பெண் சிறுத்தை, கேப் மலையின் ஆண் சிறுத்தைக்கு இணையாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்கக்கூடும். கேப் பகுதிச் சிறுத்தைகள் தனியினம் என்று மக்கள் நீண்ட காலம் கருதியதற்கு இதுவே காரணம்.

இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் இரையாகும். புல்வெளிக் காடுகளில் இம்பாலா போன்ற நடுத்தர அளவுள்ள மான்கள் பெருங்கூட்டங்களாகக் கிடைக்கின்றன. கேப் மலைகளிலோ முயல் அளவுள்ள பாறை ஐராக்சுகளும், கிளிப்சுபிரிங்கர் போன்ற சிறு மான்களுமே முக்கிய உணவு. சிறிய இரையைத் தேடி அலையும் விலங்குக்குப் பேருடல் ஒரு சுமையாகிவிடுகிறது. மேலும் அங்கு ஒரு சிறுத்தை மிகப் பரந்த நிலப்பரப்பைத் தன் எல்லையாகக் கொள்ள வேண்டியுள்ளது.

ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்குப் பகுதியின் வறண்ட நிலங்களிலும் சிறுத்தைகள் சிறியவை. 1904 இல் சோமாலிச் சிறுத்தைக்கு "குள்ளச் சிறுத்தை" என்று பொருள்படும் இலத்தீன் பெயர் சூட்டப்பட்டது இதனால்தான். அமெரிக்க விலங்குப் பதப்படுத்துநர் கார்ல் ஏக்லி 1896 இல் சோமாலிலாந்தில் ஒரு சிறுத்தையை வெறுங்கையால் கொன்ற நிகழ்ச்சி வேட்டை வரலாற்றில் புகழ்பெற்றது. அவ்விலங்கின் எடை 80 பவுண்டு, அதாவது 36 கிலோகிராம் அளவே. ஏக்லியின் துணிவைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் தெற்கு ஆப்பிரிக்காவின் முழு வளர்ச்சியடைந்த ஆண் ஒன்றிடம் அவர் சிக்கியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம். சான்சிபார் தீவில் வாழ்ந்த சிறுத்தையும் உருவில் சிறியதே. அது அழிந்துவிட்டதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது.

மறுமுனையில், நடு ஆப்பிரிக்க மழைக்காடுகளில், குறிப்பாகக் காபோனில், பருமனான ஆண் சிறுத்தைகள் உள்ளன. அங்கு அவை செந்நிற ஆற்றுப்பன்றிகளையும் டைக்கர் என்னும் காட்டு மான்களையும் உண்கின்றன. மழைக்காட்டில் சிங்கங்கள் இல்லாததால் தரைமீது அவற்றுக்குப் போட்டியும் குறைவு. தெற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆண் சிறுத்தையின் எடை 96 கிலோகிராம் என்று பதிவாகியுள்ளது. இது மிக அரிதான அளவு. 70 கிலோகிராமைத் தாண்டும் ஆண் சிறுத்தையையே எங்கும் பெரியது என்று கூறலாம்.

அளவிடும் முறைகள்

வேட்டைக்காரர்கள் கூறும் அளவுகளை ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. எடை என்பது எளிதில் மாறக்கூடியது. கட்டி வைக்கப்பட்ட இறைச்சியைப் பல இரவுகள் தொடர்ந்து உண்ட சிறுத்தையின் வயிற்றில் மட்டும் பல கிலோகிராம் இறைச்சி இருக்கும். பல முகாம்களில் விலங்கு எடையிடப்படுவதேயில்லை. கண்மதிப்பே எடையாக எழுதப்படுகிறது. நீளத்தை மூக்கு நுனி முதல் வால் நுனி வரை நேர்கோட்டில் அளப்பதற்கும், உடலின் வளைவுகளின் மேல் நாடாவை வைத்து அளப்பதற்கும் இடையே கணிசமான வேறுபாடு வரும். எந்த முறை என்று குறிப்பிடாத நீள அளவு, அலகு எழுதாத எண்ணைப் போன்றதே.

இதனால் பதிவேடுகளில் மண்டையோடே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. 1892 இல் இலண்டனில் ரோலண்டு வார்டு தொடங்கிய வேட்டைப் பதிவேடும், அமெரிக்காவின் சஃபாரி கிளப் இன்டர்நேசனல் பதிவேடும் மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் அளவையே ஏற்கின்றன. மண்டையோடு உலரும்போது சற்றுச் சுருங்குவதால், குறிப்பிட்ட காலம் உலர்ந்த பின்னரே அலுவல்முறை அளவு எடுக்கப்படும். எலும்பு பொய் சொல்லாது என்றாலும் இம்முறைக்கும் ஒரு விளைவு உண்டு. ஆண் சிறுத்தையின் மண்டையோடு வயது முதிரும்போதே அகன்று முழு அளவை எட்டுகிறது. எனவே பதிவேட்டில் உயர்ந்த இடம் என்பது முதிர்ந்த ஆண் என்பதன் மறுபெயரே.

வேட்டை நடைபெறும் நாடுகள்

தன்சானியாவில் வேட்டை நிலங்கள் மிகப் பரந்தவை. செலூசு வனவிலங்கு ஒதுக்ககத்தின் பெரும்பகுதி 2019 இல் நியரேரே தேசியப் பூங்காவாக மாற்றப்பட்டு வேட்டைக்கு மூடப்பட்டது. எஞ்சிய பகுதியிலும், மாசாய் புல்வெளி, ருங்வா போன்ற இடங்களிலும் வேட்டைக் குத்தகைகள் உள்ளன. சட்டப்படி இங்கு ஆண் சிறுத்தையை மட்டுமே சுடலாம். வேட்டைநாய்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

சிம்பாப்வேயில் சாம்பேசிப் பள்ளத்தாக்கும், தென்கிழக்குத் தாழ்நிலமும் பெரிய சிறுத்தைகளுக்குப் பெயர்பெற்றவை. தாழ்நிலத்திலுள்ள சாவே பள்ளத்தாக்கு, பூபியே பள்ளத்தாக்கு ஆகியவை முன்பு மாட்டுப் பண்ணைகளாக இருந்து பின்னர் வனவிலங்குக் காப்பகங்களாக மாறிய தனியார் நிலங்கள். வறட்சியால் மாடு வளர்ப்பு நொடித்துப்போனதும், வேலிகள் அகற்றப்பட்டு மான்கள் பெருகியதும், அதைத் தொடர்ந்து ஊனுண்ணிகள் பெருகியதும் இப்பகுதியின் வரலாறு. இரைக்கும் சிறுத்தை அளவுக்கும் உள்ள தொடர்பை இங்கு காணலாம்.

சாம்பியாவில் லுவாங்வா பள்ளத்தாக்கும் காஃபுவே ஆற்றுப்பகுதியும் முக்கியமானவை. அந்நாடு 2013 சனவரியில் பெரும்பூனை வேட்டையைத் தடை செய்து, சில ஆண்டுகளில் சிறுத்தைக்கான தடையை நீக்கியது. மொசாம்பிக்கில் நியாசா ஒதுக்ககமும் சாம்பேசிக் கழிமுகத்தை ஒட்டிய வேட்டைத் தொகுதிகளும் குறிப்பிடத்தக்கவை.

நமீபியாவில் நிலைமை வேறு. இங்கு பெரும்பாலான வேட்டை தனியார் கால்நடைப் பண்ணைகளில் நடைபெறுகிறது. சிங்கமும் புள்ளிக் கழுதைப்புலியும் பண்ணை நிலங்களிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே பெரும்பாலும் ஒழிக்கப்பட்டதால், அங்கு எஞ்சிய ஊனுண்ணிகளுள் மிகப் பெரியது சிறுத்தையே. கன்றுகளைத் தின்று வளரும் இவ்விலங்குகளுள் சில மிகப் பெரியவை. ஆயினும் மனிதர்களிடம் பழகிப் பழகி மிகுந்த எச்சரிக்கையுடன் இருப்பதால் பலர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். போட்சுவானா 2014 இல் வேட்டையை நிறுத்தி, 2019 இல் மீண்டும் அனுமதித்தது. கென்யாவில் 1977 முதல் வேட்டை முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. காபோனின் பருத்த மழைக்காட்டுச் சிறுத்தைகளுக்குப் பன்னாட்டு வேட்டை ஒதுக்கீடு கிடையாது.

வேட்டை முறை

சிறுத்தை தனித்து, பெரும்பாலும் இரவில் இயங்கும் விலங்கு. எனவே அதைத் தேடிச் சென்று சுடுவது அரிது. பரவலான முறை கட்டிரை முறையாகும். ஆற்றுப்படுகையில் ஆண் சிறுத்தையின் காலடிச் சுவட்டைக் கண்டறிந்த பின், இம்பாலா போன்ற விலங்கின் உடலைச் சாய்வான மரத்தின் கிளையில் கட்டுவர். மாலைவானத்தின் ஒளியில் விலங்கின் உருவம் தெளிவாகத் தெரியும்படி, மேற்கு நோக்கி வெளியுள்ள கிளை தேர்ந்தெடுக்கப்படும். பிணத்தின் குடலைத் தரையில் இழுத்துச் சென்று வாசனைத் தடம் உண்டாக்குவர். பல மரங்களில் இவ்வாறு கட்டிவிட்டு நாள்தோறும் சென்று பார்க்க வேண்டும். சிறுத்தை ஒன்று உண்ணத் தொடங்கிய பின்னரே அருகில் புல்லாலும் தழையாலும் மறைவிடம் அமைக்கப்படும்.

முன்பு உண்டது ஆணா பெண்ணா என்பதைச் சுவட்டின் அளவு, மரத்தில் ஒட்டிய மயிர், கடித்த விதம் ஆகியவற்றைக் கொண்டு ஊகித்தனர். இந்நாளில் மரத்தருகே தானியங்கிப் புகைப்படக் கருவி பொருத்தப்படுகிறது. இரவில் பதிவான படங்களைப் பகலில் நிதானமாகப் பார்த்து, சுடத்தக்க விலங்கா என்று முடிவு செய்யலாம். இவ்வேட்டையில் வந்த மாற்றங்களுள் சிறுத்தைக்கு நன்மை தந்தது இதுவாகவே இருக்கும்.

சிம்பாப்வே போன்ற சில நாடுகளில் வேட்டைநாய்களைக் கொண்டு துரத்தி மரத்தில் ஏற்றிச் சுடும் முறையும் உண்டு. நமீபியா இதைத் தடை செய்துள்ளது. காயமுற்ற சிறுத்தை மிகவும் ஆபத்தானது. புதரில் பதுங்கி, மிக அருகில் வரும்வரை ஓசையின்றி இருந்து பாயும். சுட்டவர் விருந்தினர் என்றாலும், காயமுற்ற விலங்கைத் தேடிப் புதருக்குள் செல்லும் பொறுப்பு தொழில்முறை வழிகாட்டியையும் சுவடு பார்க்கும் உள்ளூர்ப் பணியாளர்களையும் சார்ந்தது. வேட்டை நூல்களில் வழிகாட்டிகளின் பெயர்கள் இடம்பெறுகின்றன. சுவடு பார்த்தவர்களின் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன.

பன்னாட்டு ஒதுக்கீடு

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டிசு உடன்படிக்கையில் சிறுத்தை 1975 முதல் முதலாம் பட்டியலில் உள்ளது. அதாவது அதன் தோலை வணிகப் பொருளாக நாடு கடத்த முடியாது. ஆனால் வேட்டையாடியவர் சொந்த உடைமையாகக் கொண்டுசெல்வதற்கு 1983 இல் போட்சுவானாவின் கபரோனி நகரில் நடைபெற்ற மாநாடு விலக்களித்தது. அப்போது ஏழு நாடுகளுக்கு ஆண்டுக்கு மொத்தம் 460 தோல்கள் ஒதுக்கப்பட்டன. ஒருவர் ஆண்டொன்றுக்கு இரண்டு தோல்களுக்கு மேல் கொண்டுசெல்லக் கூடாது.

பின்னர் இவ்வெண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. 2002 இல் தன்சானியாவின் ஒதுக்கீடு 500 ஆனது. 2004 இல் நமீபியாவுக்கு 250, தென்னாப்பிரிக்காவுக்கு 150 என உயர்த்தப்பட்டன. 2007 இல் மொசாம்பிக்கின் ஒதுக்கீடு 60 இலிருந்து 120 ஆக இரட்டிக்கப்பட்டு, உகாண்டாவுக்கு 28 வழங்கப்பட்டது. பன்னிரண்டு நாடுகளுக்குமாக மொத்தம் 2,648 என்னும் நிலையை இது எட்டியது. இதில் வேட்டையே நடைபெறாத கென்யாவின் 80 தோல்களும் சேர்ந்திருந்தன என்பது ஒரு விந்தை. கென்யா, மலாவி ஆகியவற்றின் ஒதுக்கீடுகள் 2019 இல் நீக்கப்பட்டன.

இவ்வெண்களின் அடிப்படை பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளது. 1988 இல் மார்ட்டின், டி மியூலெனர் ஆகியோர் சைட்டிசுக்காகத் தயாரித்த அறிக்கை, சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 7,14,000 சிறுத்தைகள் உள்ளன என்று மதிப்பிட்டது. மழையளவு மிகுந்தால் இரை மிகும், இரை மிகுந்தால் சிறுத்தை மிகும் என்னும் கணித மாதிரியே இதற்கு அடிப்படை. மழைக்காடுகளில் மழை மிகுதி என்றாலும் தரையில் வாழும் பெரிய இரைவிலங்குகள் குறைவு. மனிதர் இரைவிலங்குகளை வேட்டையாடித் தீர்த்த இடங்களும் கணக்கில் வரவில்லை. எனவே பல உயிரியலாளர்கள் இம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஒரு மாதிரியின் உள்ளீடு பிழையானால் வெளியீட்டின் துல்லியத்திற்குப் பொருளில்லை. ஆயினும் இதற்கு மாற்றாகக் கண்டம் முழுமைக்கும் நம்பத்தகுந்த எண்ணிக்கை எதுவும் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

முதிர்ந்த ஆண்களை இழப்பதன் விளைவு

ஓர் ஆண் சிறுத்தையின் எல்லைக்குள் பல பெண் சிறுத்தைகள் வாழும். அந்த ஆண் கொல்லப்பட்டால் அவ்விடத்தைப் பிடிக்க வேற்று ஆண்கள் வருகின்றன. புதிதாக வரும் ஆண், தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கொல்வது இயல்பு. குட்டிகளை இழந்த தாய் விரைவில் மீண்டும் இனச்சேர்க்கைக்குத் தயாராகும் என்பதே இதன் உயிரியல் காரணம். ஆகவே ஒரு தோலுக்கான உரிமத்தில் உண்மையில் இறப்பது ஒரு விலங்கு மட்டுமன்று. ஆண்டுதோறும் அதே பகுதியில் ஆண் சிறுத்தை சுடப்படுமானால், எந்த ஆணும் தன் குட்டிகள் வளரும்வரை நிலைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பிண்டா என்னும் தனியார் காப்பகத்தில் ஆய்வாளர் கை பால்மேயும் உடன் பணியாற்றியோரும் 2002 முதல் ரேடியோக் கழுத்துப்பட்டை பொருத்திச் சிறுத்தைகளைப் பின்தொடர்ந்தனர். காப்பகத்திற்குள் பாதுகாப்பாக வாழ்ந்த சிறுத்தைகள் வேலியைக் கடந்தபோது வேட்டையாளர்களாலும் பண்ணையாளர்களாலும் கொல்லப்பட்டன. ஆண்டு இறப்பு வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்தது. மாகாணத்திற்குரிய ஐந்து உரிமங்களும் ஒரே பகுதியில் குவிவதே சிக்கலின் மையம் எனக் கண்டறியப்பட்டு, மாகாணம் ஐந்து வேட்டை வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, வலயத்துக்கு ஓர் உரிமம் என விதி மாற்றப்பட்டது. பண்ணையாளர்களுக்குக் கால்நடைகளைக் காக்கும் வழிகளும் கற்பிக்கப்பட்டன. இறப்பு வீதம் ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது. குட்டிகள் பிழைப்பதும் கூடியது. மாகாணத்தின் மொத்த எண்ணிக்கையில் ஓர் உரிமம்கூடக் குறைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆணை மட்டுமே சுடவேண்டும் என்ற விதியைக் களத்தில் நடைமுறைப்படுத்துவதும் எளிதாக இல்லை. தன்சானியாவில் 1995 முதல் 1998 வரை சுடப்பட்ட சிறுத்தைகளின் 77 பதப்படுத்திய தோல்களை மரபணு முறையில் சோதித்தபோது, அவற்றுள் 28.6 விழுக்காடு பெண் சிறுத்தைகளுடையவை எனத் தெரிந்தது. அனைத்தும் ஆண் என்றே பதிவாகியிருந்தன. இவ்வாய்வு 2000 இல் வெளியானது.

இதன் பின்னர் வயது வரம்பு பற்றிய பேச்சு வலுப்பெற்றது. ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் சுட்டால், அவற்றின் குட்டிகளுள் சில முன்னரே வளர்ந்து தனித்துச் சென்றிருக்கும் என்பது இதன் அடிப்படை. சிங்கத்திற்குப் பிடரி உதவுவது போலச் சிறுத்தைக்கு வெளிப்படையான வயதுக் குறி எதுவும் இல்லை. பால்மே குழுவினர், வயது உறுதியாகத் தெரிந்த சாபி சாண்டுக் காப்பகச் சிறுத்தைகளின் படங்களை ஒப்பிட்டு 2012 இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தின் கீழ்த் தொங்கும் தோலான அலைதாடியே மிகவும் பயனுள்ள அடையாளம் என்று கண்டனர். இளம் ஆணுக்கு அது இராது. முதிர்ந்த ஆணுக்கு மாட்டின் அலைதாடி போலத் தெளிவாகத் தொங்கும்.

தென்னாப்பிரிக்கா, தன் சிறுத்தைகளின் எண்ணிக்கை பற்றிய தரவு போதாது என்ற அறிவியல் அறிவுரையை ஏற்று 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஒதுக்கீட்டைச் சுழியமாக வைத்தது. 2018 இல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் மீண்டும் அனுமதித்தபோது ஏழு வயதுக்குக் குறையாத ஆண்கள் மட்டுமே என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது.

பிற அச்சுறுத்தல்கள்

வேட்டையை ஆதரிப்போர், அதன் வருவாய் இல்லையெனில் நமீபியா, சிம்பாப்வே பண்ணையாளர்கள் சிறுத்தையை நஞ்சிட்டோ பொறிவைத்தோ ஒழித்துவிடுவர் என்று வாதிடுகின்றனர். இதில் உண்மை உண்டு. கன்றை இழந்த பண்ணையாளர் பாலும் வயதும் பார்த்துச் சிறுத்தையைக் கொல்வதில்லை. எதிர்ப்போர், அவ்வருவாயில் அப்பகுதி மக்களைச் சேரும் பங்கு சிறிது என்றும், தடை நீங்கிய பின்னர் கள ஆய்வு நடைபெறுவதில்லை என்றும் சுட்டுகின்றனர். இரண்டு கூற்றுகளும் இடத்துக்கு இடம் சரியாகவோ தவறாகவோ இருக்கின்றன.

2016 இல் வெளியான ஆய்வொன்று, சிறுத்தை ஆப்பிரிக்காவில் தன் பழைய வாழிடப் பரப்பில் 48 முதல் 67 விழுக்காட்டை இழந்துவிட்டதாகக் கணித்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அவ்வாண்டு இவ்வினத்தை அழிய வாய்ப்புள்ள இனம் என்னும் நிலைக்கு மாற்றியது. காட்டு இறைச்சிக்காக இடப்படும் கம்பிச் சுருக்குகள் சிறுத்தையையும் அதன் இரையையும் ஒருங்கே அழிக்கின்றன. சுருக்குகள் மலிந்த காட்டில் சிறுத்தை எஞ்சினாலும், இரை குறைவதால் பெரிதாக வளர வாய்ப்பில்லை. குவாசூலு-நட்டாலில் செம்பே திருச்சபையினர் வழிபாட்டு ஆடையாகச் சிறுத்தைத் தோல் அணிவது வழக்கம். பாந்தெரா என்னும் பெரும்பூனைப் பாதுகாப்பு அமைப்பு அச்சபையினருடன் இணைந்து, சிறுத்தைத் தோல் போன்ற அச்சிட்ட செயற்கைத் துணிமேலாடைகளை 2013 முதல் வழங்கி வருகிறது.